ஐந்தடி மீன்தொட்டிக்குச் சொந்தமாகச் செய்த இரும்பு ஸ்டாண்டு: மூன்று மழைக்காலத்துக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியைச் சென்னை கொளத்தூரில் சொல்லிச் செய்து வாங்கியபோது, அதே கடையில் அதற்கான ஸ்டாண்டு ஒன்றையும் காட்டினார்கள். மெல்லிய இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரத்தூள் பலகையைப் பொருத்தி, அதன்மீது தேக்கு நிறத்தில் மைக்கா ஒட்டியிருந்தார்கள். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தபோது சட்டம் முழுவதும் அசைந்தது; பலகையின் வெட்டு விளிம்பு பூசப்படாமல் அடிப்பக்கத்தில் திறந்து கிடந்தது. என் தொட்டியில் வளரப்போவது ஒரு ஜோடி ஆஸ்கர். ஓரடி நீளம் வரை வளரக்கூடிய அந்த மீன்கள் தீனி நேரத்தில் வாலால் அடித்துத் தண்ணீரை வெளியே இறைக்கும். தண்ணீர் பட்டால் ஊதிப்போகும் பலகையின் மேல் அவற்றைக் குடியேற்ற மனம் ஒப்பவில்லை. ஸ்டாண்டை நானே வரைந்து, பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்வது என்று முடிவு செய்தேன். அது இப்போது மூன்று மழைக்காலத்தைக் கடந்துவிட்டது. எது சரியாக அமைந்தது, எதில் தவறினேன் என்று சொல்லும் அளவுக்கு அதனுடன் பழகிவிட்டேன்.

முதலில் எடையைக் கணக்கிட வேண்டும். மேல் விளிம்பில் சிறிது இடம் விட்டு நிரப்பினால் இந்தத் தொட்டி ஏறத்தாழ 500 லிட்டர் தண்ணீர் கொள்ளும். ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் அதுவே 500 கிலோ. 12 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 30 கிலோ எடையுள்ளது. ஐந்து பலகைகளும் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டும். மணலுக்கும் கல்லுக்கும் 60 கிலோ, ஸ்டாண்டுக்கு 50 கிலோ என்று வைத்தால் மொத்தம் 700 கிலோவுக்கு மேல் போகிறது. இவ்வளவும் ஒரு சதுர மீட்டருக்கும் சற்றே குறைவான இடத்தில் நிற்கிறது. குடியிருப்பு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில்தான் நம் நாட்டுத் தரவிதி வடிவமைக்கச் சொல்கிறது. அறை முழுவதற்குமான பரவலான சுமை அது என்பதால் ஓரிடத்தில் அதிகம் வைத்தாலே தளம் இடிந்துவிடும் என்று பொருளில்லை. ஆனாலும் மாடி வீட்டில் இருப்பவர்கள் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டிவிட்டுத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நான் அப்படிக் கேட்டுத்தான், தூண்களுக்கு இடையே உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி வைத்தேன். பால்கனியில் இவ்வளவு பெரிய தொட்டியை வைப்பதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

எடை இவ்வளவு என்றதும் எல்லோருக்கும் கால்களைப் பற்றித்தான் கவலை வருகிறது. அது தேவையற்ற கவலை. 40 மி.மீ. சதுரத்தில் 2 மி.மீ. கனமுள்ள குழாய், அதாவது பட்டறையில் 14 கேஜ் ஸ்கொயர் பைப் என்று கேட்டால் கிடைப்பது, இரண்டேகால் அடி உயரக் காலாக நிற்கும்போது டன் கணக்கில் தாங்கும். மேல் சட்டத்தின் நீளவாட்டுக் குழாய்கள்தாம் கவனிக்க வேண்டியவை. இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட இதே குழாய், ஐந்தடி நீளத்தில் தொட்டியின் பாதி எடையைச் சுமந்தால், கணக்குப்படி நடுவில் சுமார் 10 மி.மீ. தொய்யும். குழாய் முறியாது; ஆனால் அதன் மேல் இருக்கும் கண்ணாடி அந்த வளைவுக்கு இணங்கி வளையாது. நடுவில் ஒரு கால் கொடுத்தால் நீளம் பாதியாகிறது, தொய்வோ பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதனால்தான் இரும்பின் கனத்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட ஒரு நடுக்கால் வைப்பது மேலானது.

அந்த நடுக்காலே எனக்கு ஒரு சிக்கலையும் கொண்டுவந்தது. தொட்டியின் அடியில் மூன்றடி நீளச் சம்ப், அதாவது வடிகட்டித் தொட்டி, வைக்க வேண்டியிருந்தது. முன்பக்கம் நடுவில் கால் நின்றால் அதை உள்ளே நுழைக்கவும் முடியாது, கழுவ வெளியே எடுக்கவும் முடியாது. சம்பை முதலிலேயே உள்ளே வைத்துவிட்டு முன்காலைப் பற்றவைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். என்றாவது சம்ப் கசிந்தால் மேல்தொட்டியையே காலி செய்ய நேரும் என்பதால் அதை ஏற்கவில்லை. பின்பக்கத்துக்கு மட்டும் நடுக்கால் கொடுத்து, முன்பக்க மேல் சட்டத்துக்கு 80க்கு 40 மி.மீ. அளவில் 3 மி.மீ. கனமுள்ள செவ்வகக் குழாயை நிமிர்த்தி வைத்தேன். உயரவாட்டில் நிற்கும் அந்தக் குழாய் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகத் தொய்யும் என்று கணக்கு காட்டியது. தொட்டி நிரம்பிய மறுநாள் முனைக்கு முனை நூல் பிடித்து அளந்தேன். தொய்வு அந்த அளவிலேயே இருந்தது, இன்றும் மாறவில்லை. இந்த ஸ்டாண்டில் நான் செய்த ஏற்பாடுகளிலேயே எனக்கு மிகுந்த நிறைவைத் தருவது இதுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பை வெளியே இழுத்துக் கழுவும்போதெல்லாம் அந்த நிறைவு புதிதாகவே இருக்கிறது.

பற்றவைக்கும் வேலையை வீட்டருகே இருந்த ஒரு பட்டறையில் கொடுத்தேன். வேலையில் சுத்தம் இருந்தது. மூட்டுகள் உறுதியாக இருந்தன. சொன்ன நாளில் முடித்தும் கொடுத்தார்கள். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தேன். இரண்டும் 164 செ.மீ. என்று ஒன்றுபோல வந்தன, சட்டம் கோணாமல் செவ்வகமாக இருந்தது. ஆனால் சட்டம் செவ்வகமாக இருப்பது வேறு, தட்டையாக இருப்பது வேறு. மூலைக்கு மூலையாக இரண்டு நூல்களை இறுக்கிக் கட்டினால், சட்டம் தட்டையாக இருக்கும்போது அவை நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொட்டு நிற்கும். முறுக்கியிருந்தால் இடைவெளி விழும். அல்லது ஒரு நூல் மற்றதை அழுத்தும், அப்போது மேல் நூலைக் கீழாக மாற்றிக் கட்டினால் இடைவெளி வெளிப்படும். எனக்கு 2 மி.மீ. இடைவெளி தெரிந்தது. நடுவில் 2 மி.மீ. என்றால் ஏதோ ஒரு மூலை 4 மி.மீ. தூக்கி நிற்கிறது என்று பொருள்.

பட்டறை உரிமையாளர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “தண்ணி ஊத்தினா வெயிட்டுல தானா உட்கார்ந்துடும் சார்,” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இரும்பு ஓரளவு உட்காரத்தான் செய்யும். ஆனால் அதை உட்கார வைப்பது கண்ணாடித் தொட்டியின் அடிப்பலகையும் சிலிக்கான் மூட்டும்தான். அவ்வாறு முறுக்கப்பட்ட மூட்டு முதல் வாரத்தில் ஒன்றும் காட்டாமல், பல மாதங்கள் கழித்து ஒரு மூலையில் கசியத் தொடங்கலாம். அரைநாள் கூலியை நானே தருகிறேன் என்று சொல்லித்தான் அந்த மூலையைத் திருத்த வைக்க முடிந்தது. அங்கே வேலை பார்த்த இளைஞர் காரணத்தை உடனே புரிந்துகொண்டார். ஒரு பக்கத்து மூட்டுகளை எல்லாம் தொடர்ச்சியாக முழு நீளத்துக்குப் பற்றவைத்ததால் சூடேறி ஆறும்போது இரும்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது என்றார். மூட்டை அறுத்து, கிளாம்ப் போட்டு, எல்லா மூலைகளிலும் முதலில் புள்ளி புள்ளியாகப் பிடித்துவிட்டு, எதிரெதிர் மூலைகளில் மாறி மாறிச் சிறு சிறு நீளமாகப் பற்றவைத்தார். இம்முறை நூல்கள் தொட்டு நின்றன. பெயின்ட் அடிப்பதற்கு முன்பே, பட்டறையிலேயே இந்த நூல் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பதைத்தான் இந்த மதிப்பீட்டைப் படிக்கும் எவருக்கும் முதலாவதாகச் சொல்வேன். வீட்டுக்கு வந்த பிறகு தெரியும் முறுக்கலை யாரும் திருத்தித் தர மாட்டார்கள்.

துருப் பிடிக்காது என்பதால் துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயில் செய்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். துத்தநாகப் பூச்சை நீக்காமல் பற்றவைத்தால் எழும் புகை, வேலை செய்பவருக்கு அன்று இரவே காய்ச்சலும் நடுக்கமும் வரவைக்கும். மூட்டுகளில் பூச்சை ராவிவிட்டுப் பற்றவைத்தாலோ, துருப்பிடிக்கும் வாய்ப்பு மிகுந்த அந்த மூட்டுகளே பாதுகாப்பற்றுப் போகின்றன. சாதாரண இரும்புக்கே ரெட் ஆக்சைடு இரண்டு கை, எனாமல் இரண்டு கை அடித்தேன். மூன்று ஆண்டுகளில் துரு தலைகாட்டியது ஒரே இடத்தில்தான்: பின்பக்கக் கீழ் மூலையின் மூட்டில். உற்றுப் பார்த்தால், பற்றவைப்பின் மேல் படியும் கசடை அங்கே தட்டி எடுக்காமலே பெயின்ட் அடித்திருந்தது தெரிந்தது. அந்தக் கசடு உதிர்ந்தபோது பெயின்ட்டும் சேர்ந்து உதிர்ந்திருக்கிறது. இது என் கவனக்குறைவு. பெயின்ட் அடித்தவன் நான்தான்.

மேல்பலகை குறித்து எனக்குச் சிறிய குறையும் இல்லை. ஐஎஸ் 710 முத்திரையுள்ள 18 மி.மீ. ப்ளைவுட்டைப் போட்டேன். கடைகளில் மரைன் ப்ளைவுட் என்றும் 710 என்றும் சொல்லப்படும் இதன் பசை, 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் பிரியக் கூடாது என்பதே அந்தத் தரவிதியின் சோதனை. வெட்டு விளிம்புகளில் எபாக்ஸி பூசினேன். ஆஸ்கர்கள் இறைத்த தண்ணீர் எத்தனையோ முறை அதன் மேல் தேங்கி நின்றிருக்கிறது. ஓர் இழைகூடப் பிரியவில்லை. அதே அக்கறையைக் கதவுகளுக்குக் காட்டாமல் விட்டதுதான் தவறு. எடை தாங்காத பகுதிதானே என்று எண்ணி, ஈரத்தை ஓரளவே தாங்கும் மலிவான எம்ஆர் ரக ப்ளைவுட்டில் கதவுகளைச் செய்தேன். சம்ப் இருக்கும் அறைக்குள் எப்போதும் ஈரக்காற்று நிற்கிறது என்பதை மறந்துவிட்டேன். இரண்டாம் மழைக்காலத்தில் கதவுகள் கீழ் விளிம்பில் ஊதி, மூட முடியாமல் போயின. அவற்றை எறிந்துவிட்டு அதே 710 ரகத்தில் மறுபடியும் செய்ய வேண்டியதாயிற்று. பின்பக்கத்தை முழுவதும் அடைக்காமல் காற்றோட்டத்துக்கு இடம் விடுவதும் முக்கியம் என்று அதன் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே 6 மி.மீ. நுரைத்தாள் விரித்தேன், தெர்மாகோலும் போதுமானதே. மணல் துகள், திருகின் தலை போன்ற சிறு மேடுகளை அது விழுங்கிக்கொள்ளும். முறுக்கிய சட்டத்தைச் சரிசெய்யும் ஆற்றல் அதற்குக் கிடையாது.

தரையில் நிறுத்தும் வேலை ஒரு முழு நாளை எடுத்துக்கொண்டது. குழாயின் வெறும் முனை தரையைத் தொடும் பரப்பு மூன்று சதுர செ.மீ.தான். பின் நடுக்காலில் 200 கிலோவுக்கு மேல் இறங்குவதால், அந்த முனை டைல்ஸ் மேல் நேரடியாக நின்றால் டைல்ஸ் விரிசல் விடும். ஒவ்வொரு காலின் அடியிலும் 10 செ.மீ. சதுரமும் 6 மி.மீ. கனமும் கொண்ட தகட்டைப் பற்றவைத்து, அதன் கீழே ரப்பர் வைத்தேன். கால் விழும் டைல்ஸ்களை நாணயத்தால் தட்டிக் கேட்க வேண்டும். பொள்ளென்று ஒலித்தால் அடியில் கலவை நிரம்பவில்லை என்று அறிந்து, கால் வேறிடத்தில் விழும்படி சிறிது நகர்த்த வேண்டும். எனக்கு அப்படி ஒரு டைல்ஸ் இருந்தது. ரசமட்டம் வைத்து நான்கு மூலைக் கால்களையும் மட்டப்படுத்திய பிறகுதான், நடுக்காலின் அடியில் விழுந்த மெல்லிய இடைவெளியில் தகட்டுத் துண்டுகளைச் செருகி இறுக்கினேன். ஐந்து கால்களையும் ஒரே நேரத்தில் மட்டப்படுத்த முயன்றால் ஏதேனும் ஒரு கால் அந்தரத்தில் நிற்கும். தண்ணீரையும் ஒரேயடியாக நிரப்பவில்லை. கால் பங்கு நிரப்பி அளந்து, அரைப் பங்கு நிரப்பி ஓர் இரவு விட்டு மறுபடி அளந்து, அதன் பிறகே முழுமையாக நிரப்பினேன்.

இரும்பும் தண்ணீரும் மின்சாரமும் ஓரிடத்தில் சேர்வதால், சட்டத்தை எர்த் செய்து, தொட்டிக்கான மின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்புக் கருவியைப் போட்டேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

சட்டத்தில் சென்ற இரும்பு சுமார் 36 கிலோ. இரும்பு, ப்ளைவுட், கூலி, பெயின்ட் எல்லாம் சேர்த்து, கடையில் ஆயத்த ஸ்டாண்டுக்குச் சொன்ன விலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு செலவானது. திருத்தக் கூலியையும் இரண்டாம் முறை செய்த கதவுகளையும் சேர்த்தால் அந்த விலையையே எட்டிவிட்டது. ஆகவே பணம் மிச்சமாகும் என்று எண்ணி யாரும் இதில் இறங்க வேண்டாம். அளவும் உயரமும் கதவின் வாகும் நம் விருப்பப்படி அமைவதும், எந்தப் பகுதி எதனால் ஆனது என்று நமக்கே தெரிந்திருப்பதும்தான் இதன் லாபம். சிறிய மூன்றடித் தொட்டிக்கு இவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை. பழைய வீடுகளில் உள்ளதுபோல இரு செங்கல் சுவர்களின் மேல் கடப்பைக் கல்லைக் கிடத்தினாலும் அது நன்றாகவே நிற்கும். ஐந்தடிக்கு மேற்பட்ட தொட்டி வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் அடியில் சம்ப் வைப்பவர்களுக்கு, இந்த அமைப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

மறுபடி ஒன்று செய்தால் இரண்டு மாற்றங்கள் செய்வேன். எழுபது செ.மீ. கால் உயரத்தை எண்பதாக்குவேன்; இப்போது சம்பின் மேல் பம்ப்பை எடுக்கும்போது கை இடிக்கிறது. கீழ்ச் சட்டத்தின் பின்குழாயைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி அமைப்பேன். அந்தத் துருப்பிடித்த மூட்டைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்க, தொட்டியைக் காலி செய்யாமல் இன்றுவரை என் கை அங்கே எட்டவில்லை.