சவுண்ட் புரூஃப் என்று சொல்லி ஸ்பாஞ்ச் ஒட்டிவிட்டுப் போவார்கள், ஏமாறாதீர்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு பாடும் குழுக்கள்தான் அதிகம் வருவார்கள். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு உடம்பு முடியாமல் போனது. குடம் அடிக்கிற சத்தத்தில் அம்மா தூங்கவே இல்லை என்று அவர் மகன் வந்து சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. உடனே ஆள் தேடினேன்.

வந்த கான்ட்ராக்டர் 64,000 ரூபாய் கேட்டார். ஒரு தாளைக் காட்டி, "என்.ஆர்.சி 0.95 போட்டிருக்கு பாருங்க அண்ணாச்சி, நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு சத்தம் வெளிய போகாது" என்றார். நம்பினேன். பில் கேட்காமல் முழுப்பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன்.

இரண்டே நாளில் நாலு சுவரிலும் முட்டை அட்டை மாதிரி மேடுபள்ளமாக ஸ்பாஞ்ச் ஒட்டிவிட்டார்கள். கைதட்டிப் பார்த்தேன், எதிரொலி இல்லை. மறுநாள் குழு வந்து குடத்தில் முதல் அடி விழுந்ததும் ஆச்சி மகனிடமிருந்து போன்: "அண்ணே, அப்படியேதான் கேக்கு." பதிவும் கெட்டிருந்தது. உடுக்கையின் துடிப்பு செத்துப்போய், குடத்தின் கும்மென்ற ஓசை மட்டும் அறைக்குள் உருண்டுகொண்டிருந்தது.

அதன்பிறகுதான் விசாரித்துப் படித்தேன். என்.ஆர்.சி என்பது அறைக்குள் எதிரொலியை எவ்வளவு உறிஞ்சும் என்பதற்கான கணக்கு. அதுவும் 250 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை நாலு அதிர்வெண்ணில் அளந்து எடுத்த சராசரி. சத்தம் சுவரைத் தாண்டாமல் தடுப்பதற்கு எஸ்.டி.சி என்று வேறு எண் இருக்கிறது. அவர் காட்டிய தாளில் அது இல்லவே இல்லை. சத்தத்தைத் தடுக்க கனம் வேண்டும், காற்று நுழைய இண்டு இடுக்கு இருக்கக்கூடாது. எங்கள் சுவர் 9 அங்குலச் செங்கல், அதில் கனத்துக்குக் குறைவில்லை. ஓட்டை இருந்தது வென்டிலேட்டரிலும், கதவுக்குக் கீழே விரல் நுழைகிற சந்திலும். அவற்றை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதுதான் பயங்கரம். மிச்சம் கிடந்த ஒரு துண்டை மொட்டைமாடியில் வைத்துத் தீக்குச்சி காட்டினேன். குப்பென்று பிடித்து உருகிச் சொட்டியது, கறுப்புப் புகை கிளம்பியது. 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் வாணவேடிக்கைப் பொறி பட்டு இதே வகை ஃபோம் எரிந்துதான் 100 பேர் செத்தார்கள். என் அறையில் சுவிட்ச்போர்டைச் சுற்றியே ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கே பிய்த்துப் போட்டேன்.

அப்புறம் கொத்தனாரை வைத்து வென்டிலேட்டரைச் செங்கல் வைத்துப் பூசினேன். ஆசாரி கதவின் மேல் 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் அடித்து, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பீடிங் ஒட்டி, கீழ்ச்சந்தையும் அடைத்தார். ஜன்னலுக்கும் உள்பக்கம் அதே மாதிரி பலகை. வில் குடத்தின் கழுத்தில் அமர்ந்திருக்கும், குடம் தரையில் இருக்கும், அதனால் அடி நேராகத் தளத்துக்குள் இறங்குகிறது. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற தடித்த ரப்பர் பாய் இரண்டை அடியில் போட்டேன். எல்லாம் சேர்ந்து 11,000 ரூபாய்தான். குடம் இன்னும் லேசாகக் கேட்கிறது, அதனால் பகலில் மட்டும் அதைப் பதிகிறேன். ஆச்சி இப்போது தூங்குகிறார். காற்றுப்போக்கு குறைந்துவிட்டதால் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் கதவைத் திறந்து வைக்கிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "எக்கோ போயிருச்சுல்லா அண்ணாச்சி" என்றார், பிறகு போனே எடுக்கவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 வருடம் அவகாசம் உண்டு, 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. பில் இல்லாததால் ஜிபே ரசீதையும், "வெளிய போகாது" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியையும் எடுத்து வைத்திருக்கிறேன். தென்காசி பக்கம் புதிதாக ஒரு வேலை பிடித்திருக்கிறார் என்று கேள்வி. அங்கே யாராவது அட்வான்ஸ் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் எஸ்.டி.சி எத்தனை என்று கேளுங்கள்.