கரப்பந்தாட்ட அக்கடமிக்குக் காசு கட்டமுதல் இதை வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் மகளைக் கரப்பந்தாட்டம் பழக விட யோசிக்கிற பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் காசு கட்டி ஏமாந்த, அக்கடமி என்று சொல்லிக்கொண்ட கழகத்தின் பெயரை இங்கே போடவில்லை. விசயம் இன்னும் பிணக்குத் தீர்க்கிற இணக்கசபையில் இருக்கிறது. அதோடு, நாளைக்கு அவர்கள் வேறு பெயரில் பதாகை அடித்தால் இன்றைக்கு நான் போடுகிற பெயரால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை. அவர்கள் வேலை செய்கிற விதத்தைச் சொல்கிறேன், நேரில் பார்த்தால் நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

இப்படியான இடங்களுக்கு ஏன் ஆள் சேர்கிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கரப்பந்தாட்டத்தை இலங்கையின் தேசிய விளையாட்டாக 1991இல் அறிவித்தார்கள். எங்கள் பக்கத்தில் அந்த அறிவிப்பே தேவைப்பட்டிருக்காது. ஆவரங்கால், புத்தூர், நீர்வேலிப் பக்கம் சுற்றுப்போட்டி என்றால் திருவிழா மாதிரி லைற் போட்டு இரவிரவாக ஆட்டம் நடக்கும். ஓவர்கேம், செற்றப் என்ற இரண்டு ஆட்டமுறையில் எது பெரிது என்று சண்டை பிடிக்கிற மாமாமார் வீட்டுக்கு ஒருவராவது உண்டு. ஆனால் அந்த மைதானங்கள் பெரும்பாலும் பெடியங்களுடையவை. பெண்பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு இடம் குறைவு. அங்கேயும் போட்டிக்காலம் கிட்டும்போதுதான் பயிற்சி மும்முரம், மற்ற மாதங்களில் ரியூசன். அந்த நேரம் பார்த்து பேஸ்புக்கில் ‘பெண்களுக்கான விசேட அக்கடமி’ என்று விளம்பரம் வந்தால் யார்தான் பார்க்காமல் விடுவார்கள்?

என் மகள் பத்தாம் ஆண்டு. பாடசாலை அணியில் இடதுபக்கம் நின்று அடிக்கிறவள். தெரிவுக்கு என்று ஒரு சனிக்கிழமை கூட்டிப் போனோம். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் தெரிவானார்கள். பந்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொட்ட பிள்ளையும் தெரிவு. “அம்மா, ஒருத்தரையும் கழிக்கேல்லையே, பிறகென்ன தெரிவு?” என்று திரும்பி வரும்போது மகள் கேட்டாள். சின்னப் பிள்ளைக்கு விளங்கியது.

அனுமதிக்கு 7,500 ரூபா, மாதம் 3,000, உடுப்புக்கு 6,500. இதெல்லாம் ஒரு தனியாள் வங்கிக் கணக்குக்கு. பற்றுச்சீட்டுக் கேட்டபோது, “புத்தகம் அச்சடிக்கக் குடுத்திருக்கு அக்கா” என்றார் பொறுப்பாளர். அந்தப் புத்தகம் கடைசிவரை அச்சகத்தை விட்டு வரவில்லை.

பயிற்சியைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் காசை விட எனக்கு அதுதான் கோபம். ஒரு ஆடுகளம், முப்பதுக்கு மேல் பிள்ளைகள், தோல் உரிந்த மூன்று நான்கு பந்து. முதல் சில வாரம் விளம்பரத்தில் முகம் போட்டிருந்த பயிற்றுநர் வந்தார். பிறகு அவர் வருவது குறைந்து, உயர்தரம் முடித்த ஒரு தம்பி விசிலோடு நின்றான். நல்ல பெடியன்தான், ஆனால் அவனுக்கே யாராவது பழக்கவேண்டும். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். ஒரு பந்து வரும், அடித்துவிட்டுப் பின்னால் போய் மறுபடியும் நிற்பார்கள். மிச்ச நேரம் வெளியே போன பந்தைப் பொறுக்குவது. ஒரு பின்னேரம் வேலியோரம் நின்று என் மகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுப் பயிற்சியிலும் அவள் கையில் பந்து பட்டது பாடசாலையில் பத்து நிமிசத்தில் படுகிற அளவுகூட இல்லை.

அதைவிட மோசமானது வலை. இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் தம்பி. அவன் ஊர்க் கழகத்தில் விளையாடினவன். ஒருநாள் மகளை ஏற்றப் போனவன் வீட்டுக்கு வந்து, “அக்கா, அது பெடியளின்ர நெற். இறக்கிறேல்லையோ அவங்கள்?” என்றான். அடுத்த முறை அளவுநாடாவோடு போனான். ஆண்களுக்கான வலை 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. வளர்ந்தவர்களின் போட்டியில் இது உலகம் முழுக்க ஒரே அளவு. பெண்பிள்ளைகளின் பயிற்சி முடிந்ததும் அதே இடத்தில் பெடியங்கள் விளையாடுவார்கள், அவர்கள் கட்டிய உயரத்திலேயே வலை நின்றது. பத்தொன்பது சென்ரிமீற்றர் என்று எழுதும்போது சின்னதாகத் தெரியும். பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி கஷ்டப்பட்டுப் பாய்ந்து அந்த உயரத்துக்கு மேலே பந்தைத் தள்ளப் பார்த்தால் என்ன நடக்கும்? உடம்பு பின்னால் வளையும், முழங்கை கீழே இறங்கும், பந்தைக் கீழ்நோக்கி அடிக்கவேண்டிய பிள்ளை மேலே தூக்கிவிடப் பழகும். மகளின் அடி மாறிவிட்டது என்று பாடசாலை விளையாட்டு ரீச்சர் எங்களிடம் கேட்டதும் அந்த நாட்களில்தான். தோள் நோகிறது என்றும் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

தம்பி போய்க் கேட்டான். “உயரத்தில பழகினா போட்டியில சுகமா இருக்கும் அண்ணை” என்று பதில் வந்தது. கேட்க அறிவுபூர்வமாக இருக்கிறது அல்லவா? வலையை இறக்கிக் கட்டுவதற்கு இரண்டு பேரும் ஐந்து நிமிசமும் வேண்டும், அந்தப் பஞ்சிக்குத்தான் இந்த விளக்கம்.

தரை சீமெந்து. பிந்தி வந்தால் தண்டனையாகத் தவளைப் பாய்ச்சல், அதுவும் அந்தச் சீமெந்திலேயே. ரியூசன் முடிந்து வருகிற பிள்ளைகள் எப்படியும் பிந்தும், ஆகவே இது பெரும்பாலும் ஒவ்வொரு நாளும் நடந்தது. மகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே நோ வந்து, படியிறங்கக் கஷ்டப்பட்டாள். பாய்ந்து விளையாடுகிறவர்களுக்கு அந்த இடத்துத் தசைநாரில் வருகிற நோ இது, வளர்கிற வயதில் கடினமான தரையில் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்தால் கூடும் என்று வைத்தியர் சொன்னார். பாய்ச்சலை நிறுத்தி, தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி தந்தார். கழகத்தில் இதைச் சொன்னபோது, “எல்லாருக்கும் வாறதுதான், ஓடினாச் சரிவரும்” என்றார்கள்.

இனி அவர்கள் பெற்றோருக்குக் காட்டிய மூன்று ஆசைவார்த்தைகள். மாகாண அணி, இந்தியச் சுற்றுப்பயணம், பல்கலைக்கழக அனுமதி.

பல்கலைக்கழகம் என்ற சொல்லைக் கேட்டால் யாழ்ப்பாணத்தில் எந்தத் தாய் தகப்பனும் ஒரு நிமிசம் இருந்துதான் எழும்புவார்கள். அதைத் தெரிந்துதான் கதைக்கிறார்கள். விளையாட்டு முதலான புறக்கிருத்தியங்களில் அசாதாரணத் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விசேட அனுமதி ஒன்று இருப்பது உண்மை. ஆனால் அது மிகச் சிறிய தொகை இடம். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்திருக்கவேண்டும், அதற்கு மேல் தேசிய அல்லது சர்வதேச மட்டச் சாதனை காட்டவேண்டும். ஒரு தனியார் அக்கடமி நகரத்துக் கடையில் அச்சடித்துத் தருகிற சான்றிதழுக்கு அங்கே பெறுமதி இல்லை.

பள்ளிக்கூடப் பிள்ளை தேசிய மட்டத்துக்குப் போகிற நேரான பாதை பள்ளிக்கூடம்தான். வலயம், மாகாணம், பிறகு அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று 16, 18, 20 வயதுக்குட்பட்ட பிரிவுகளில் அது ஏறும். கழகப் பக்கத்தாலும் வழி உண்டு, பிரதேச செயலக மட்டத்திலிருந்து தேசிய விளையாட்டு விழா வரை. ஆனால் அதற்குக் கழகம் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும்.

இப்போது கேளுங்கள். வலயமட்டப் போட்டி நடக்கிற அதே நாளில் கழகம் ஒரு சிநேகபூர்வ ஆட்டம் வைத்தது. பாடசாலையா கழகமா என்று பிள்ளைகள் முடிவெடுக்கவேண்டும், பாடசாலைக்குப் போகிறவர்களின் பெயர் சுற்றுப்பயணப் பட்டியலில் இருக்காது என்று வட்சப் குழுவில் குரல்பதிவு வந்தது. எங்கள் ரீச்சருக்கும் அந்தப் பயிற்றுநருக்கும் பழைய பிரச்சினை ஒன்று இருந்ததாம். அவர்களின் பிரச்சினைக்குப் பிள்ளைகளை நடுவில் இழுத்தார்கள். மகளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகள் வலயப் போட்டியை விட்டார்கள். பாடசாலை அணி அந்த முறை மாகாணத்துக்குப் போனது, அந்தப் பிள்ளைகள் இல்லாமல். என் மகள் முழங்கால் நோவோடு கரையில் இருந்தாலும் அணியில் பெயர் இருந்தது. அந்த இரண்டு வீட்டிலும் இதைப் பற்றிக் கதைக்க இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எந்தக் கழகமாக இருந்தாலும், “பாடசாலைக்கு விளையாடாதே” என்று ஒரு சொல் வந்தால் அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மிச்சம் எதையும் விசாரிக்கவேண்டியதில்லை.

சுற்றுப்பயணத்துக்கு முற்பணம் 25,000 கட்டினோம். திகதி முதலில் தைப்பொங்கலுக்குப் பிறகு என்றார்கள், பிறகு பரீட்சை என்றார்கள், பிறகு விசா. எந்தப் போட்டி, யார் அழைத்தார்கள், அழைப்புக் கடிதம் எங்கே என்று நான் குழுவில் கேட்டேன். பதில் வரவில்லை, அரைமணி நேரத்தில் என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மட்டும் தனியாக இன்னொரு குழு இருந்தது பிறகுதான் தெரியவந்தது. அதில் பெற்றோர் ஒருவரும் இல்லை. தவறாக எதுவும் நடக்கவில்லை, மகளிடம் வடிவாகக் கேட்டுவிட்டேன். ஆனாலும் பதினைந்து வயதுப் பெண்பிள்ளைகளோடு பெரியவர்கள் இரவில் தனியாகத் தகவல் பரிமாறத் தேவையில்லை, வெளியூருக்கு வாகனத்தில் ஏற்றும்போது பொறுப்பான ஒரு பெண் கூடப் போகாமல் இருக்கவும் கூடாது. இப்படி ஏதாவது மனதுக்குச் சரியில்லை என்று பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு எடுக்கலாம்.

உடுப்புக் கதை ஒரு பகிடி. நாங்கள் 6,500 கொடுத்து வாங்கிய அந்த ரீசேட்டும் காற்சட்டையும் கனடாவில் இருக்கும் ஒரு ஊர்ச்சங்கம் இலவசமாக அனுப்பியவை. ‘தாயகத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் அன்பளிப்பு’ என்று அந்தச் சங்கம் பெட்டிகளோடு படம் போட்டிருந்ததை ரொறன்ரோவில் இருக்கிற என் மச்சாள் எனக்கு அனுப்பினாள். அங்கே குளிருக்குள் வேலை செய்து சேர்த்த காசில் அனுப்பியதை இங்கே ஒருவர் விற்கிறார். வெளிநாட்டில் இருந்து உதவுகிற உறவுகளும் இதை வாசித்தால், பெட்டி அனுப்புவதோடு நிற்காமல் பிள்ளைகளின் பெற்றோர் இரண்டு பேருக்காவது தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். முதலில் பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரைப் பார்த்தோம். அவர் பதிவேட்டைத் திறந்து பார்த்து, அந்தப் பெயரில் பெண்கள் கழகம் ஒன்றும் பதியப்படவில்லை, கிட்டத்தட்ட அதே பெயரில் வேறொரு ஆண்கள் கழகம்தான் இருக்கிறது என்றார். அவர்களுக்கும் இவர்களுக்கும் தொடர்பு இல்லை. பெயரைப் பார்த்துப் பெற்றோர் குழம்பவேண்டும் என்பதுதான் நோக்கமாக இருக்கலாம். இந்த ஒரு கேள்விக்கு எங்களுக்குச் செலவானது ஒரு காலை நேரம்தான், யாரும் போய்க் கேட்கலாம். தகுதிச் சான்றிதழ் என்ன, எந்த மட்டம் என்பதைப் பயிற்றுநரிடமே கேட்கலாம். உண்மையான பயிற்றுநர் அதைக் காட்டக் கோபிக்கமாட்டார்.

பிறகு இணக்கசபைக்கு எழுதிக் கொடுத்தோம். அங்கே சட்டத்தரணி பேசத் தேவையில்லை, மூன்று பேர் இருந்து இரண்டு பக்கமும் கேட்பார்கள். முதல் தவணைக்குப் பொறுப்பாளர் வரவில்லை. அடுத்த தடவை வந்து, “அது டொனேசன், திருப்பிக் குடுக்கிற காசில்லை” என்றார். வங்கிச் சிலிப்பில் நான் ‘இந்தியா சுற்றுப்பயண முற்பணம்’ என்று எழுதியிருந்ததுதான் காப்பாற்றியது. அதைக் காட்டியதும் அவரால் தொடர்ந்து கதைக்க முடியவில்லை. முற்பணத்தை மூன்று தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு தவணை வந்தது, அடுத்தது வரவேண்டிய திகதி தாண்டிவிட்டது. அனுமதிக் காசும் உடுப்புக் காசும் போனது போனதுதான்.

மகள் இப்போது பாடசாலைப் பயிற்சிக்கு மட்டும் போகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியின் பழைய கழக மைதானத்தில் ஐந்தாறு பெண்பிள்ளைகளுக்கு ஒரு அக்கா சொல்லிக் கொடுக்கிறார். பாடசாலை அணியில் விளையாடியவர், இப்போது ஆசிரியை. மண் தரை, பந்து இரண்டுதான், ஆனால் வலை 2.24இல் கட்டியிருக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை பந்து கை மாறிக்கொண்டே இருக்கிறது, நோகிற காலோடு வந்தால் பாயவிடமாட்டார். மாதக் காசு இல்லை, பந்து வாங்க எல்லாருமாகப் போடுகிறோம். இது மாதிரி இடம் எல்லா ஊரிலும் கிடைக்காது என்று தெரியும். கிடைக்காத ஊரில் காசு கொடுத்துப் பழகுவதும் குற்றமில்லை, நல்லாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுற்றுப்போட்டி நாளில் போய்ப் பார்க்காதீர்கள், அன்றைக்கு எல்லாரும் வெள்ளையும் சொள்ளையுமாகத்தான் நிற்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாதாரண நாள் பின்னேரம் போய், ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கடைசிவரை பாருங்கள்.

அந்த விளம்பரத்தில் இருந்த பதக்கப் படத்தையும் நான் விசாரித்தேன். பதக்கம் உண்மை, பிள்ளைகளும் உண்மை. ஆனால் அவர்கள் அதை வென்றது தங்கள் பாடசாலைக்காக, அந்த அக்கடமி தொடங்கமுதலே.

இதே இடத்தில் காசு கட்டியவர்கள் யாராவது இருந்தால் சிலிப், வட்சப் குரல்பதிவு, ஸ்கிரீன்ஷொட் எதையும் அழிக்காதீர்கள். ஒரு குடும்பம் தனியாகக் கொடுக்கிற முறைப்பாட்டை விடப் பல பெற்றோர் சேர்ந்து கையொப்பமிட்டால் மேலிடத்துக்கு அனுப்பச் சுகம் என்று விளையாட்டு உத்தியோகத்தர் சொல்லியிருக்கிறார். நாங்கள் நான்கு குடும்பம் கையெழுத்து வைத்துவிட்டோம். கடிதம் இந்த மாத முடிவில் போகிறது, சேர விரும்புகிறவர்கள் அதற்கு முதல் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள்.