குரல் செயலி: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

திண்டுக்கல்லில் விளம்பர ஆட்டோக்களுக்குக் குரல் பதிவு செய்து கொடுப்பது என் பிழைப்பு. ஆறு மாதமாக, தட்டிய எழுத்தைக் குரலில் வாசித்துத் தரும் ஓர் ஏஐ செயலிக்கு மாதம் 800 ரூபாய் கட்டி வருகிறேன். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

ஆடித் தள்ளுபடி சமயம், ஒரு ஜவுளிக்கடைக்காரர் இரவு பத்தரைக்குக் கூப்பிட்டு, காலை ஆறு மணிக்கு ஆட்டோ கிளம்பணும் என்றார். அந்த நேரத்தில் எந்தப் பெண் குரலைப் போய் எழுப்புவது? ஒரே சேலைக்கு மாமியாரும் மருமகளும் மல்லுக்கட்டுவது போல எழுதி, இரண்டு குரலில் ஓட்டினேன். ஒரு மணிக்கு வேலை முடிந்தது. இத்தனை வருஷமும் ஒற்றைக் குரலில் 'வாங்க வாங்க' என்று கத்திக்கொண்டிருந்தவன், அன்றைக்கு நாடகமே போட்டுவிட்டேன்.

உச்சரிப்பு சுமார்தான். நம் எழுத்தில் பல்லிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே 'ப'. நமக்குத் தெரியும், அதற்குத் தெரியவில்லை. 'பாலாஜி' என்று தட்டினால் 'பால்' என்பதில் வரும் 'பா'வைப் போட்டு வாசிக்கிறது. கடைக்காரர் காதில் விழுந்தால் காசு வராது. அந்தப் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள், சரியாக வரும். விலையையும் எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதிவிடுங்கள்.

பயம் தந்தது குரலை நகலெடுக்கும் வசதி. ஒரு நிமிடப் பதிவு போதும். 'இந்தக் குரலுக்கு எனக்கு உரிமை உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் உள்ளே விட்டுவிடுகிறது. யார் குரல் என்று ஒரு கேள்வி கிடையாது. வேறு சில செயலிகளில், திரையில் வரும் வரியை அந்த ஆளே அங்கேயே வாசித்துக் காட்டினால்தான் நகல் எடுக்கும்.

2024இல் வந்த 'லால் சலாம்' படப் பாட்டு ஒன்றுக்கு, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர். ரஹ்மான் ஏஐ வைத்துத்தான் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். போன மாதம் என்னிடம் ஒருவர், செத்துப்போன நடிகர் குரலில் பிரியாணிக் கடை விளம்பரம் கேட்டார். முடியாதுண்ணே என்றேன். அடுத்த தெருவில் செய்து வாங்கிக்கொண்டார்.

சரி, எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்று பார்க்க என் குரலையே நகலெடுத்து, 'மாப்ள, அவசரம், ஒரு ரெண்டாயிரம் ஜீபே பண்ணு' என்று மச்சினனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். மூன்றே நிமிடத்தில் பணம் வந்துவிட்டது. எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். மச்சினனிடம் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது நானே நேரில் போய் நின்று கேட்டாலும் தர மாட்டேன் என்கிறான்.