ஃபயர் அலாரம் பேனலுக்குத் தனி எர்த் பிட்டா, பொது எர்த்தா?

ஓசூர் சிப்காட் ஷெட்டாக இருந்தாலும் சரி, கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலையாக இருந்தாலும் சரி, புது ஃபயர் அலாரம் பேனல் சுவரில் ஏறும்போது இந்தக் கேள்வி வந்துவிடும். "மோட்டார் எர்த்துல சேர்க்க வேணாம்ண்ணா, பேனலுக்குத் தனியா ஒரு பிட் அடிச்சிடலாம்" என்பார் எலக்ட்ரீஷியன். பிட் என்பது எர்த் எலெக்ட்ரோடைப் புதைக்கும் குழி. வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி), வெல்டிங் மெஷின் எல்லாம் சேர்ந்திருக்கும் எர்த்தில் இரைச்சல் (மின் குறுக்கீடு) இருக்கும், அது பேனலைக் குழப்பும் என்பது அவர் பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அதற்குத் தனி பிட் மருந்தாகாது. உயிருக்கும் பேனலுக்கும் அது ஆபத்து என்றே சொல்வேன்.

முதலில் நம் மண்ணைப் பாருங்கள். எர்த்திங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 சொல்லும் பைப் எலெக்ட்ரோடு குறைந்தது 2.5 மீட்டர் நீளம். கிரானைட் பூமியில் பல இடங்களில் அந்த ஆழத்துக்கு முன்பே கடப்பாரை பாறையில் முட்டும். பாதியில் நிறுத்தி, கரியும் உப்பும் கொட்டி மூடிய பிட், கோடையில் மண் காய்ந்ததும் 20 ஓம் காட்டினால் ஆச்சரியமில்லை. இப்போது பேனலுக்குள் 230 வோல்ட் ஃபேஸ் ஒயர் பாடியில் பட்டுவிட்டது என்று வையுங்கள். மற்ற தடைகளை விட்டுவிட்டாலும் 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர்தான். 6 ஆம்பியர் சி டைப் எம்.சி.பி. (கரன்ட் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) உடனே விழ 30 முதல் 60 ஆம்பியர் வரை வேண்டும். அது விழும்வரை பேனல் பாடியில் கரன்ட் நிற்கும், அந்த நேரத்தில் யாராவது ரீசெட் பட்டனை அழுத்தப் போனால் என்ன ஆகும்? சொந்த டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆலையில் பேனல் பாடியை மெயின் எர்த் பாரில் (எல்லா எர்த் ஒயரும் சேரும் பட்டை) செம்புக் கம்பியால் கட்டியிருந்தால், ஃபால்ட் கரன்ட் உலோக வழியாகவே நியூட்ரலுக்குத் திரும்பும், எம்.சி.பி. சட்டென்று விழும். அமெரிக்க மின் விதித் தொகுப்பான என்.இ.சி.யின் 250.54-ம் பிரிவும் இதையே சொல்கிறது: கூடுதல் எலெக்ட்ரோடு போட்டுக்கொள்ளலாம், ஆனால் ஃபால்ட் கரன்ட் திரும்ப மண்ணை மட்டும் நம்பக் கூடாது.

அடுத்தது இடி. சித்திரை, வைகாசி கோடை மழையை நாம் அறிவோம். 10,000 ஆம்பியர் மின்னல் 2 ஓம் பொது எர்த்தில் இறங்கினால் அந்த எர்த் 20,000 வோல்ட்டுக்கு ஏறும். எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தால் டி.பி. (மின் பகிர்வுப் பெட்டி), பேனல், கேபிள் ட்ரே எல்லாம் சேர்ந்தே ஏறி இறங்கும், நடுவில் பெரிய வித்தியாசம் இராது. பேனல் மட்டும் தனி பிட்டில் இருந்தால் அந்த வித்தியாசம் முழுவதும் டிடெக்டர்களைச் சுற்றிவரும் லூப் ஒயர் சேரும் 24 வோல்ட் லூப் கார்டின் தலையில் விழும். பிட் ஏற்கெனவே போட்டாயிற்று என்றால் வீணில்லை, அதைப் பொது எர்த்தோடு பாண்டிங் செய்துவிடுங்கள், அதாவது கம்பியால் இணைத்துவிடுங்கள்.

எர்த்தே வேண்டாம், 24 வோல்ட்தானே என்பவர்களும் உண்டு. உள்ளே வருவது 230 வோல்ட் என்பது ஒருபுறம். லூப் ஒயர் எங்காவது பூமியில் பட்டால் எர்த் ஃபால்ட் லைட் எரிவதே பேனல் எர்த்தை வைத்துத்தான். எர்த் இல்லையென்றால் அந்தக் காவல் போய்விடும். 24 வோல்ட் மைனஸைப் பாடியோடு கட்டுவதும் தவறு. பெரும்பாலான பேனல்களில் பிளஸ், மைனஸ் இரண்டும் பூமியைத் தொடாமல் மிதக்க வேண்டும்.

இரைச்சலுக்கு உண்மையான மருந்து, ஒயர்களைச் சுற்றி உலோக உறை உள்ள ஷீல்ட் கேபிள்தான். அதிலும் ஷீல்டை எர்த் செய்வது ஒரு முனையிலா, இரு முனையிலுமா என்ற சண்டை உண்டு. என் தேர்வு ஒரு முனை: ட்ரெய்ன் ஒயரை (ஷீல்டைத் தொட்டபடி ஓடும் வெற்றுக் கம்பி) பேனல் பக்கம் மட்டும், பேனல் கம்பெனி காட்டும் டெர்மினலில் கட்டுவது. இரு முனையும் கட்டினால் இரண்டு இடத்து எர்த் வித்தியாசத்தால் ஷீல்டிலேயே கரன்ட் ஓடி, தடுக்க வேண்டிய இரைச்சலை அதுவே கொண்டுவரும். ஆர்மர்டு கேபிளின் இரும்புக் கவசம் வேறு கணக்கு. அது பாதுகாப்புக்கானது, கிளாண்ட் (கேபிளைப் பெட்டியில் பிடிக்கும் உலோகப் பூண்) வழியாக இரு முனையிலும் எர்த் ஆகலாம்.

நடைமுறையில் கோளாறு வரும் இடம் டிடெக்டர் பேஸ். அங்கே ட்ரெய்ன் ஒயரை முறுக்கி இணைத்து ஸ்லீவ் போடாமல் விட்டால், அது இரும்பு பாக்ஸைத் தொட்டு, ஒரு முனை எர்த் நமக்குத் தெரியாமலே பல முனை எர்த் ஆகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம். பேனலில் ட்ரெய்ன் ஒயரைக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் மீட்டர் வையுங்கள். ஓபன் (தொடர்பு இல்லை) என்று காட்ட வேண்டும். பீப் வந்தால் லூப்பைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுங்கள். டிடெக்டர் மாட்டியபடி மெக்கர் (உயர் வோல்ட்டில் இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) மட்டும் வைத்துவிடாதீர்கள், 500 வோல்ட்டில் எல்லாம் போய்விடும். கூழ் ஆலையில் சீசன் நேரத்தில் தரை கழுவிய பிறகு எர்த் ஃபால்ட் லைட் எரிந்தால், தாழ்வாக இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ்களில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு லூப் போனால் இரண்டு எர்த்தையும் பாண்டிங் செய்வதோடு, கேபிள் நுழையும் இரு பக்கமும் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென ஏறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைத்து அந்தந்த எர்த் பாரில் குட்டையான ஒயரால் இணையுங்கள். தூரம் அதிகம், பட்ஜெட்டும் இடம் கொடுக்கிறது என்றால் அந்தத் துண்டுக்கு மட்டும் ஃபைபர் போடுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.