பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம்: போய்க் குந்தியிருந்து பயன் உண்டா?

இலங்கையில் ஒரு குளத்து நீரில் நெல் விதைப்போர் போகம் தொடங்குமுன் கூடி, விதைப்புக்கும் நீருக்கும் திகதி குறிப்பதுதான் இந்தக் கூட்டம். இடம்: பிரதேச செயலக மண்டபம், கமநல சேவை நிலையம் (விவசாயிகளுக்கான அரச அலுவலகம்), சில வேளை குளத்துக்குக் கிட்டவுள்ள பாடசாலை. கட்டணம் இல்லை. அழைப்பில் காலை 9 மணி என்றிருக்கும். தொடங்கப் பத்து தாண்டும், முடியச் சோற்று நேரம் தாண்டும்.

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி, கட்டுமுறிவு என்று மட்டக்களப்பின் பெரிய குளங்களுக்குப் போகம் தோறும் ஒரு கூட்டம் உண்டு. சிறுபோகக் (வறண்ட பருவம்) கூட்டம் மார்ச்சை ஒட்டியும் பெரும்போகக் (மழைப் பருவம்) கூட்டம் செப்டெம்பரை ஒட்டியும் வரும். 80 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறத்தாழ 200 ஏக்கருக்கு, உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அவற்றின் கூட்டத்தைக் கமநல நிலையம் நடத்தும். பெரிய குளங்களுக்கு அரசாங்க அதிபரோ பிரதேச செயலாளரோ தலைமை தாங்குவார்.

மக்களைக் கேட்டு முடிவெடுப்பதாகச் சொல்லும் கூட்டங்கள் ஊரில் பல. பிரதேச சபை பட்ஜெட்டுக்கு முன்மொழிவு கேட்கும், ஒருங்கிணைப்புக் குழுவில் கோரிக்கைக் கடிதம் வாங்குவார்கள். அங்கெல்லாம் நாம் சொல்வது ஆலோசனை, அதற்கு மேல் இல்லை. ஆரம்பக் கூட்டத்தின் முடிவோ 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தக் குளத்தில் விதைக்கும் எல்லாரையும் கட்டும். வந்திருக்கும் உரிமையாளரின் பெரும்பான்மை எதுவோ அதுதான் திகதி. வராதவரும் அதன்படியே விதைக்க வேண்டும். பங்கேற்பு சனநாயகம் பற்றிய பயிற்சிப் பட்டறைகளுக்கு வெளியூர் உதாரணம் தேடுகிறவர்கள் உன்னிச்சைக்கு ஒருக்கால் வந்து பார்க்கலாம்.

முடிவாகும் விடயங்கள் இவை: எத்தனை ஏக்கர், எந்த வட்டைகள் (வயல்வெளிகள்), வாய்க்கால் துப்புரவு முடிக்கும் நாள், முதல் நீர் திறக்கும் நாள், விதைப்பு தொடங்கும் நாளும் முடியும் நாளும், எத்தனை மாத நெல், மாடு அகற்றும் நாள், கடைசி நீர் நிறுத்தும் நாள். வாய்க்கால் நீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் வட்டவிதானைக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்பதும் இடையில் வரும். மிச்சமெல்லாம் உரம், காப்புறுதி, யானை வேலி, நெல் விலை. அவை முக்கியமில்லை என்றல்ல. ஆனால் அவற்றைத் தீர்க்கும் அதிகாரம் அந்த மண்டபத்தில் இல்லை, நேரத்தைத் தின்பதும் அவைதான். ஒவ்வொரு திணைக்களமும் அறிக்கை வாசித்து, அரசியல்வாதிகளும் பேசி முடிய, திகதிகளுக்கு மிஞ்சுவது கடைசி இருபது நிமிடம். வயலுக்குப் போகவேண்டியவர்கள் அதற்குள் எழும்பிப் போயிருப்பார்கள். இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை இந்த ஒழுங்குதான். நீர் அளவையும் ஏக்கரையும் முதல் அம்சமாக எடுக்கும்படி கமக்காரர் அமைப்பு முன்கூட்டியே எழுத்தில் கேட்டால் தலைமை வகிப்பவர் மறுக்க நியாயமில்லை.

அடுத்தது நீர்க்கணக்கு. “குளத்தில் இருபது அடி நிற்கிறது” என்று சொன்னால் மண்டபம் தலையாட்டும். அடி ஒரு கணக்கே அல்ல. குளம் அகன்ற சட்டி மாதிரி. மேல் ஓரடியில் நிற்கும் தண்ணீர் அடியில் உள்ள ஓரடியைவிடப் பல மடங்கு. துருசு (குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு) மட்டத்துக்குக் கீழே கிடப்பதோ வாய்க்காலுக்கு வரவே வராது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: பாவிக்கக்கூடிய நீர் எத்தனை ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி)? ஏக்கருக்கு எவ்வளவு என்று பொறியியலாளர் கணக்கெடுத்திருக்கிறார்? உதாரணத்துக்கு 12,000 ஏக்கர் அடி இருந்து, இழப்போடு சேர்த்து ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி போனால் 3,000 ஏக்கர் விதைக்கலாம். அதுவே 4½ ஆனால் ஏறத்தாழ 2,670 ஏக்கர்தான். இடையில் விழும் 330 ஏக்கர் யாருடையது என்பதுதான் சிறுபோகக் கூட்டத்தின் உண்மையான விவாதம். அதைப் பெயர் சொல்லிப் பேச ஆட்கள் தயங்குவார்கள்.

நெல்லின் வயதும் இதே கணக்கில்தான் வருகிறது. பிஜி 300 என்ற நெல்லினம் மூன்று மாதம், பிஜி 352 மூன்றரை மாதம். இரண்டு கிழமை வித்தியாசம் என்று விட்டுவிடுவார்கள். அந்த இரண்டு கிழமையும் தலைவாய்க்கால் ஓடவேண்டும், ஓடினால் கசிவும் உண்டு. விதைப்புக் காலத்தை நீட்டுவதும் இப்படித்தான். விதைநெல் கிடைக்கவில்லை, உழவு இயந்திரம் வரவில்லை என்று ஆளுக்காள் கேட்க, சமாதானமாக ஒரு கிழமை கூட்டிக் கொடுப்பார்கள். முந்தி விதைத்தவருக்கு முதல் நாளிலிருந்து தண்ணீர் வேண்டும், பிந்தி விதைத்தவருக்குக் கடைசி நாள் வரை வேண்டும். இரண்டையும் ஒரே வாய்க்கால்தான் சுமக்கிறது. சிறுபோகத்தில் கதிர் பால் பிடிக்கும் நேரம் கடைமடை காய்வதன் வேர் பல வருடங்களில் இந்தத் தாராளத்தில்தான் இருக்கிறது. பெரும்போகத்தில் பிரச்சினை மறுபக்கம். பிந்தினால் நவம்பர், டிசம்பர் வெள்ளம் சின்னப் பயிரை மூடும். மிக முந்தினால் அறுவடை மழைக்குள் அகப்படும்.

யாருக்கு வாய் உண்டு? சட்டம் உரிமையாளரைப் பற்றிப் பேசுகிறது, வயலில் நிற்பவரோ பல வேளை குத்தகைக்காரர். கமநல நிலையத்தின் காணிப் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் அவர் பேச்சு எடுபடாது. போகம் தொடங்குமுன் பதிவைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு வினோதமும் எங்கள் பக்கத்தில் உண்டு. இங்கே தமிழரிலும் முஸ்லிம்களிலும் காணி பெருமளவு சீதனமாகப் பெண்பிள்ளைக்குப் போகிறது. உறுதியில் மனைவி பெயர், மண்டபத்தில் கணவன். பெயருக்குரியவர்கள் வந்து இருந்தால் கதிரைகளில் ஒரு பெரும் பகுதி பெண்களுக்குத்தான் போகும். அழைப்பு கமக்காரர் அமைப்புத் தலைவருக்குப் போய், அவரிடமிருந்து ஆண்களின் வாய்வழிச் செய்தியாகப் பரவுவதால் அது நடப்பதில்லை. பதிவேட்டில் உள்ள பெயருக்கே அறிவித்தல் அனுப்பினால் போதும்.

மாடு அகற்றும் நாளை அறிவிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. அந்த முடிவு கட்டுவது மாடு வளர்க்கும் பண்ணையாளரை, கூட்டத்தில் நிறைந்திருப்பதோ வேளாண்மை செய்வோர். மாட்டை எங்கே கொண்டுபோவது என்ற கேள்விக்கு அங்கே விடை இல்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர் போராட்டம் தொடங்கியதை நினைவில் வைத்துத்தான் இந்தத் திகதியை எழுத வேண்டும்.

இனி, கூடிப் பேசும் முறை. அயர்லாந்தில் 2016 முதல் 2018 வரை நடந்த குடிமக்கள் பேரவையில் குலுக்கல் முறையில் தெரிந்த 99 பேர் இருந்தார்கள். நிபுணர் சொன்னதை முதலில் கேட்டு, சிறு மேசைகளாகப் பிரிந்து பேசி, பிறகே வாக்களித்தார்கள். எங்கள் மண்டபத்தில் சிறு மேசையாகப் பேசும் அந்த நடுக்கட்டம் அடியோடு இல்லை. 300 பேர், ஒரு மைக். உரத்த குரலுள்ளவர் பத்துப் பேர். ஆனால் அதற்கு அயர்லாந்துக்குப் போகத் தேவையில்லை, அம்பாறையிலேயே முன்மாதிரி இருக்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளம் ஒழுங்கமைப்பாளர்களை வயலோரம் இருத்தின. ஒரு வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் பத்து இருபது பேர் முதலில் தங்களுக்குள் கூடினார்கள். வாய்க்கால் துப்புரவு, முறைத் தண்ணீர் போன்ற சின்ன விடயங்களை அங்கேயே முடித்தார்கள். பிறகு பிரதிநிதியைத் தெரிந்து மேல்மட்டத்துக்கு அனுப்பினார்கள். தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் பேசுவோர். இனப் பதற்றம் நிலவிய அந்தக் காலத்திலும் தண்ணீரைப் பங்கிட்டு ஓடவிட்டார்கள். 1984இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நீர்ப்பாசன முகாமைத்துவத் திட்டத்தோடு இந்த முறை நாட்டின் மற்றப் பெரிய குளங்களுக்கும் போனது.

அதனால், கூட்டத்துக்கு முந்திய கிழமை ஒவ்வொரு வாய்க்காலும் தனியே கூடியிருந்தால் இந்தச் சேவைக்கு நல்ல புள்ளி கொடுக்கலாம். இல்லாவிட்டால் பாதிதான். வாய்க்கால் கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். விரும்பும் விதைப்பு நாள், விட்டுக்கொடுக்கக்கூடிய எல்லை நாள், உடைந்த மதகு, பேசப்போகும் ஒருவர் என்று நாலு விடயத்தை எழுதிக் கையெழுத்து வைத்தால் மண்டபத்தில் அந்தத் தாளுக்குத் தனி மரியாதை உண்டு.

போன வருட முடிவுகள் கையில் இல்லாமல் போவது வீண். கூட்டறிக்கை கேட்டுக் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்டச் செயலகத்தின் அல்லது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, விண்ணப்பத்துக்குக் காசும் இல்லை. கடிதத்தில் குளத்தின் பெயர், போகம், வருடம் மூன்றும் இருக்கட்டும். கூட்டறிக்கையையும் நீர் திறந்த நாட்களின் பதிவையும் தனித்தனியே கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும், மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. 14 வேலை நாட்கள் என்றால் ஏறக்குறைய மூன்று கிழமை. கூட்டத்துக்கு ஒரு மாதம் முந்தியே கடிதம் போய்ச் சேர வேண்டும்.

கூட்டம் முடிந்தபின் கவனிக்க வேண்டியது அனுமதிக்கப்படாத விதைப்பு. ஒதுக்கிய ஏக்கருக்கு மேல் தலைமடையில் விதைத்தால் கடைமடைக்குத்தான் அடி. நெல் கதிர் தள்ளியபின் முறையிட்டால் ஒருவரும் அழிக்க மாட்டார்கள், வழக்கும் அறுவடைக்குப் பிறகுதான் எடுபடும். விதைப்பு முடியும் நாளுக்கு அடுத்த நாளே வட்டவிதானையோடு வாய்க்கால் வழி நடந்து, வயல் துண்டு துண்டாகக் குறித்து, பொறியியலாளருக்கும் பிரதேச செயலாளருக்கும் ஒரே நாளில் எழுத்தில் கொடுத்துத் திகதி முத்திரையோடு ஒரு பிரதி வாங்கி வையுங்கள்.