ஒரு பில்லிங் செயலியும் 'இன்வாய்ஸ்' என்ற சொல்லும்

எங்கள் ஹார்டுவேர் கடையில் பில் புத்தகத்தை விட்டுவிட்டு, மாதச் சந்தாவில் கிடைக்கும் பில்லிங் செயலி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறோம். வேகத்திலோ சரக்கு இருப்புக் கணக்கிலோ குறை சொல்ல இடமில்லை. 'இன்வாய்ஸ்' என்ற சொல்லை அது கையாளும் விதத்தைப் பற்றித்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

என்ன சரக்கு, எவ்வளவு, என்ன விலை, எவ்வளவு வரி என்று எழுதி, விற்பவர் வாங்குபவரிடம் பணம் கேட்கும் ஆவணமே இன்வாய்ஸ். பணம் வந்து சேர்ந்ததற்கு அது சான்றாகாது. அதற்கு ரசீது தனியாக உண்டு. விற்பனைக்கு முன் உத்தேச விலை சொல்லும் கொட்டேஷன் வேறு. விற்பனைக்கு முன் தரும் மாதிரி பில்லான புரொஃபார்மா இன்வாய்ஸ் பெயரளவில் இன்வாய்ஸாக இருந்தாலும், அதைக் காட்டி வாங்குபவர் உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கொடுத்த வரியைத் தாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. செயலியின் ஆங்கில மெனு இந்த வேறுபாடுகளை ஒழுங்காகக் காக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி தரவேண்டிய டாக்ஸ் இன்வாய்ஸுக்கு, விதிப்படி வரிசை எண்ணை 16 எழுத்துகளுக்குள் நிறுத்துகிறது. சரக்கு விற்பனைக்குரிய இன்வாய்ஸின் மூன்று நகல்களையும் வாங்குபவருக்கு, சரக்கு ஏற்றிச் செல்பவருக்கு, விற்பவருக்கு என்று குறித்தே அச்சிடுகிறது. காம்போசிஷன் திட்டத்தில் (வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்காத சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டம்) உள்ள கடை என்று பதிந்தால், தலைப்பைத் தானாகவே 'பில் ஆஃப் சப்ளை' என்று, அதாவது வரி சேர்க்காத பில் என்று, மாற்றி வரிக்கான கட்டத்தையும் நீக்கிவிடுகிறது.

தமிழ் மெனுவுக்கு மாறினால் இந்தத் தெளிவு போய்விடுகிறது. இன்வாய்ஸுக்கும் பிரைஸ் லிஸ்டுக்கும் 'விலைப்பட்டியல்' என்றே போட்டிருக்கிறார்கள். எதை அழுத்தினால் எது வரும் என்பதை இடத்தை வைத்துத்தான் நினைவில் கொள்ள வேண்டும். கடைத்தெருவில் விலைப்பட்டியல் என்றால் கம்பெனி அனுப்பும் விலைத்தாள்தான். இன்வாய்ஸை எல்லோரும் பில் என்றே சொல்கிறார்கள். அதைவிட மோசமானது, கிரெடிட் நோட்டுக்கு வைத்திருக்கும் 'கடன் குறிப்பு'. சரக்கு திரும்பி வரும்போது வாங்கியவர் தர வேண்டிய தொகையைக் குறைப்பதற்கான ஆவணம் அது. 'கடன்' என்ற தலைப்பைப் பார்ப்பவரோ, தம் பெயரில் பாக்கி ஏறிவிட்டது என்றுதான் எண்ணுவார். மொழிபெயர்த்தவர் எந்தக் கடையின் கல்லாவிலும் உட்கார்ந்ததில்லை போலும்!

அச்சாகும் தலைப்புகளை நாமே மாற்றிக்கொள்ள முடிகிறது. மெனுவில் உள்ளவற்றை மாற்ற வழியில்லை. ஆகவே மெனுவை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் நகலில் மட்டும் தமிழ்த் தலைப்புகளைச் சேர்ப்பவர்களுக்கு, கொடுக்கும் சந்தாவுக்கு இச்செயலி தகும். தமிழ் மெனுவை மட்டுமே நம்பி வாங்க நினைப்பவர்கள் இலவசச் சோதனைக் காலத்திலேயே கிரெடிட் நோட் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.