ஜெனோவா துறைமுகத்தில் இரண்டு நட்சத்திர ஓட்டல்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

இத்தாலியின் ஜெனோவாவில் ஓட்டல் தேடுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடல் தெரிகிற அறை கேட்காதீர்கள். துறைமுகத்துக்கும் பழைய ஊருக்கும் நடுவே ஒரு மேம்பாலச் சாலை ஓடுகிறது. 1965இல் திறந்தது. ஊர்க்காரர்கள் சோப்ராஎலெவாத்தா என்பார்கள். பல கட்டடங்களுக்கு அது சரியாக ஜன்னல் உயரத்தில் போகிறது. கடல் பக்க ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்குக் கப்பல், காதுக்கு விடியவிடிய கார் இரைச்சல். முன்பதிவுத் தளங்களில் 'சீ வியூ' என்று பத்து இருபது யூரோ கூட்டி வைத்திருப்பார்கள். அந்தக் காசுக்கு இரவுச் சாப்பாடே முடிந்துவிடும்.

எனக்குக் கப்பல்களில் ரேடார், திசைகாட்டிக் கருவிகள் பழுது பார்க்கும் வேலை. ஜெனோவா இத்தாலியின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. கப்பல்களுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் ரீனா நிறுவனம் 1861இல் தொடங்கியது இங்கேதான், தலைமையகமும் இங்கேதான். கப்பல்களைப் பழுது பார்க்கும் உலர்துறைகளும் ஊரை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு ஜெனோவா அடிக்கடி வாய்க்கும். கம்பெனி தருகிற தினப்படியில் இரண்டு நட்சத்திரத்துக்கு மேல் யோசிக்க முடியாது. 2018 ஆகஸ்ட் 14 அன்று இந்த ஊரின் மொராந்தி பாலம் இடிந்து 43 பேர் இறந்தார்களே, அதற்கு முன்பிருந்தே ஒரே ஓட்டலில்தான் தங்கி வருகிறேன். பெயர் போடவில்லை. இதே அமைப்பில், இதே விலையில் அந்த வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன. இங்கே சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இடம் பியாத்சா பிரின்சிபே ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். நிலைய வாசலில் கொலம்பஸ் சிலை. அதைத் தாண்டினால் வியா பால்பி என்ற நெடுந்தெரு, இரண்டு பக்கமும் பழைய பிரபுக்களின் மாளிகைகள். இவற்றுக்கு ஒரு கதை உண்டு. ஜெனோவா தனிக் குடியரசாக இருந்தபோது அரசு விருந்தாளிகளைத் தங்கவைக்க அரசுக்கென்று மாளிகை இல்லை. 1576இல் செனட் ஒரு பட்டியல் போட்டது: ஊரில் யார் யார் வீடு விருந்தாளிகளை ஏற்கத் தகுதியானது, எந்த வீடு ராஜாவுக்கு, எந்த வீடு தூதருக்கு என்று. ஆள் வந்தால் சீட்டுக் குலுக்குவார்கள். பெயர் விழுந்த குடும்பம் வீட்டைத் திறந்துவிட வேண்டும். அந்த மாளிகைகளில் 42ஐ 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நட்சத்திர வரிசை இந்த ஊருக்குப் புதிதில்லை.

என் ஓட்டல் மாளிகை இல்லை. பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் நான்காம் மாடிகள் மட்டும்தான் ஓட்டல். கீழே ஒரு வக்கீல் அலுவலகம், ஒரு பல் டாக்டர், மேலே குடித்தனங்கள். தெருக்கதவில் பித்தளைத் தகட்டில் எல்லார் பெயரோடும் ஓட்டல் பெயரும் சின்னதாக இருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் பெட்டியோடு அதைக் கடந்து போய்விட்டுத் திரும்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மணி அடித்தால் மேலிருந்து கதவைத் திறந்துவிடுவார்கள்.

லிஃப்டைப் பற்றி ஒரு பத்தி எழுதத்தான் வேண்டும். மாடிப்படி சுற்றிப் போகிற கிணற்றின் நடுவே கம்பிக் கூண்டு. அதற்குள் மரப்பெட்டி. ஒரு ஆளும் ஒரு பெட்டியும் நிற்கலாம். பெட்டி பெரியதென்றால் பெட்டியை அனுப்பிவிட்டு நாம் படியேற வேண்டும். வெளியே ஒரு இரும்புக் கதவு, உள்ளே இரண்டு மடக்குப் பலகைகள். மூன்றையும் கையால் சாத்தினால்தான் நகரும். இறங்கியபின் உள்பலகையைச் சாத்தாமல் போனால் லிஃப்ட் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் ஐந்தாம் மாடிப் பாட்டி கிணறு முழுக்க எதிரொலிக்கக் கத்துவார். யாரைத் திட்டுகிறார் என்று புரிய இத்தாலியன் தெரிய வேண்டியதில்லை.

வரவேற்பில் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்வார்கள். சந்தேகப்பட வேண்டாம். தங்குகிறவர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே சட்டம். அறை வாடகையில் சேராமல் ஊர்வரி ஒன்று தனி. ஆளுக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று நட்சத்திரத்துக்குத் தக்கபடி. பல இடங்களில் ரொக்கமாகத்தான் கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். நடத்துகிற அம்மாள் அதிகம் சிரிக்க மாட்டார். ஆனால் பழகிவிட்டால் 'இஞ்ஜென்யேரே' என்று எஞ்சினியர் பட்டம் சேர்த்துத்தான் கூப்பிடுவார், காலையில் ஐந்து மணிக்குக் கப்பலுக்குப் போகவேண்டுமென்றால் ராத்திரியே பிளாஸ்கில் காப்பி வைத்துவிடுவார். முன்பு இரவு முழுக்க ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். கொரோனாவுக்குப் பிறகு அவர் இல்லை. பதினொரு மணிக்கு மேல் கதவுக்கு எண் போட்டுத்தான் நுழைய வேண்டும். நள்ளிரவில் சாவி உள்ளே மாட்டிக்கொண்டால் தொலைபேசியில் அந்த அம்மாளை எழுப்பவேண்டும், அவர் சந்தோஷமாக எழுந்திருக்க மாட்டார்.

அறை சின்னது. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே என் கருவிப்பெட்டியை விரித்தால் நடக்க வழியில்லை. மெத்தையை மாற்றிவிட்டார்கள், முன்பு நடுவில் குழிந்திருக்கும். வைஃபையும் இப்போது பரவாயில்லை. பிளக் விஷயம்: இத்தாலியச் சுவரில் ஒரே வரிசையில் மூன்று துளை. நம்மூர் மூன்று முனைப் பிளக் எதுவும் இறங்காது. மெல்லிய இரண்டு உருளை முனை உள்ள சார்ஜர் நேரே போகும்.

எனக்கு அந்த அறையில் மிகவும் பிடித்தது ஜன்னல். ஜெனோவா இருக்கிற லிகூரியா மாகாணக் கடற்கரை முழுக்க ஒரே மாதிரி பச்சை மரக்கதவுகள், சாய்வாகப் பட்டை பட்டையாக. கீழ்ப்பாதியில் மட்டும் ஒரு பலகை தனியாகக் கீலில் தொங்கும். கதவை முழுக்கச் சாத்திவிட்டு அந்தப் பலகையை மட்டும் வெளிப்பக்கம் தள்ளிக் கம்பியில் நிறுத்தலாம். வெயில் உள்ளே வராது, காற்று வரும். தெருவில் போகிறவர் நமக்குத் தெரிவார், நாம் அவருக்குத் தெரியமாட்டோம். எதிர்க் கட்டடச் சுவரில் இதே போன்ற ஜன்னல்கள் பல. அவற்றில் இரண்டு வெறும் ஓவியம். வரிசை குலையக்கூடாது என்று சுவரில் ஜன்னலை வரைந்து நிழலும் போட்டிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் இது பழைய வழக்கம். நான் கவனிக்கவே வெகுநாள் ஆயிற்று.

ஆனால் கொசுவலை கிடையாது. புலிக்கொசு இத்தாலிக்குள் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1990இல் இந்த ஊரில்தான், பழைய டயர்களோடு கப்பலில் வந்திறங்கியது. பகலிலும் கடிக்கும். ஜூனிலிருந்து அக்டோபர் வரை போகிறவர்கள் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் கொசுவிரட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஏசி எல்லா அறையிலும் இல்லை, கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

குளியலறை பற்றி நம்மவர்கள் தனியாகக் கேட்பார்கள். நல்ல செய்தி: பிடே, அதாவது கழுவிக்கொள்வதற்கான தாழ்ந்த தொட்டி, இருக்கும். வீடுகளில் அது இருக்க வேண்டும் என்று 1975இலேயே அரசு உத்தரவு போட்ட நாடு. இந்த ஒரு விஷயத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளைவிட இத்தாலியில் நிம்மதி அதிகம். ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுபோனால் குறையே இல்லை. ஷவர் கூண்டுக்குள் மேலிருந்து ஒரு கயிறு தொங்கும். துணி காயப்போடுவதற்கு இல்லை, அவசர மணி. இழுத்தால் அந்த அம்மாள் கதவைத் தட்டுவார். துண்டு மட்டும் காகிதம் போல மெல்லியது, இத்தனை வருடத்தில் அது மாறவேயில்லை.

இப்போது சத்தம். கடல் பக்கம் வேண்டாம் என்றேன். வியா பால்பி பக்கமும் அவ்வளவு நன்றாக இல்லை. தெரு குறுகல், இரண்டு பக்கமும் உயரச் சுவர், ஊர் பஸ்களில் பாதி அதன் வழியாகத்தான் போகின்றன போலும். ஒவ்வொரு பஸ்சுக்கும் ஜன்னல் கண்ணாடி அதிரும். நான் கேட்டு வாங்குவது பின்பக்க அறை. கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்ட கிணறு போன்ற முற்றம், அதைப் பார்த்த ஜன்னல். பகலிலும் விளக்குப் போடவேண்டும். யாரோ பாத்திரம் கழுவுவது கேட்கும், மத்தியானம் பூண்டு வதங்குகிற வாசனை வரும். ராத்திரி பத்தரைக்குமேல் எல்லாம் அடங்கிவிடும். படம் எடுத்துப் போடுகிற அறை இல்லைதான், ஆனால் தூங்கி எழுந்து வேலைக்குப் போகிறவனுக்கு அதுதான் அறை.

காலை உணவு வாடகையில் சேர்த்தி. முன்பு பக்கத்து பேக்கரியிலிருந்து சூடாக ஃபோகாச்சா என்ற எண்ணெய் விட்ட தட்டை ரொட்டி வாங்கிவந்து வைப்பார்கள். இப்போது உறையிலிட்ட குரோசான், வறட்டு ரொட்டி, டப்பி ஜாம், மெஷின் காப்பி. இதை அவர்கள் திரும்ப யோசிக்க வேண்டும். பேசாமல் கீழே இறங்கி நீங்களே போய்விடுங்கள். ஜெனோவாக்காரர்கள் எண்ணெய் மின்னும் ஃபோகாச்சாத் துண்டைக் கப்புச்சீனோவில் தோய்த்துத் தின்பார்கள். என்னோடு வேலை செய்கிறவர்கள் உப்பும் பாலுமா என்று முகம் சுளித்தார்கள், இரண்டாம் நாள் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

சைவர்களுக்கு இந்த ஊர் கஷ்டமில்லை. துறைமுகத்தை ஒட்டிய சோத்தோரீபா வளைவுகளுக்குக் கீழே மீன் வறுக்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கேயும் பழைய சந்துகளிலும் ஃபரினாத்தா கிடைக்கும். கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். பெரிய செம்புத் தட்டில் ஊற்றி விறகு அடுப்பில் விடுவார்கள். மேலே மிளகுத் தூள் தூவிச் சூடாகத் தின்னவேண்டும், ஆறினால் வீண். பேசில் இலையை அரைத்துச் செய்கிற பெஸ்டோ விழுது பிறந்த ஊர் என்பதால் அதையும் ஆசையாகக் கேட்பீர்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், அதில் சேர்கிற பார்மிஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைப்பது. கண்டிப்பான சைவர் சீஸ் இல்லாமல் கேட்க வேண்டும். அரிசி, மசாலா வேண்டுமென்றால் வியா டி ப்ரே சந்தில் வங்காளதேசத்துக் கடைகள் இருக்கின்றன, ஆனால் அறையில் சமைக்க அனுமதி இல்லை.

அந்தச் சந்தைப் பற்றியும் கேட்பார்கள். ராத்திரியில் போதை மருந்து விற்கிறவர்கள் நிற்பார்கள், மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு ஒன்றும் நேர்ந்ததில்லை. பர்ஸை முன்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நேரே நடந்தால் போதும். என்னோடு வரும் பெண் எஞ்சினியர் இருட்டியபின் வியா பால்பி வழியாகத்தான் வருவார். அது சரி என்றுதான் நானும் சொல்வேன்.

பிரின்சிபே பக்கமா, பிரின்யோலே நிலையத்துப் பக்கமா என்று குழம்புகிறவர்களுக்கு: பிரின்யோலே பக்கம் தெருக்கள் அகலம், ஓட்டல்கள் கொஞ்சம் புதுசு. ஆனால் அதன் அருகே பிசாஞ்ஞோ ஆறு ஊருக்கு அடியில் மூடப்பட்டு ஓடுகிறது. 2014 அக்டோபரில் அது பொங்கி அந்த வட்டாரக் கடைகளை மூழ்கடித்தது. 2011 நவம்பரில் அதன் துணையாறான ஃபெரெஜ்ஜானோ 6 பேரின் உயிரைக் குடித்தது. அந்த மாதங்களில் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மழை எச்சரிக்கை வரும். சிவப்பு என்றால் பள்ளிக்கூடம் மூடிவிடுவார்கள். எங்கள் ஓட்டல் மேட்டில் இருக்கிறது. லிஃப்ட் கதவில் எச்சரிக்கைத் தாளை ஒட்டிவிட்டு அந்த அம்மாள் தன் வேலையைப் பார்ப்பார்.

வேலை சீக்கிரம் முடிகிற நாளில் செய்ய ஒன்று. வியா பால்பியிலேயே ஒரு சுரங்க வாசல் இருக்கிறது. உள்ளே லிஃப்ட் பெட்டி. ஏறினால் முதலில் 200 மீட்டருக்கு மேல் தண்டவாளத்தில் படுக்கைவாட்டில் மலைக்குள் போகிறது. பிறகு நிற்கிறது, ஒரு குலுக்கல், அப்படியே செங்குத்தாக 70 மீட்டர் மேலே ஏறுகிறது. ஊர் பஸ் கம்பெனி நடத்துவதுதான். கருவிகளோடு வாழ்கிற எனக்கு இந்த ஊரில் இதைவிடப் பிடித்த எந்திரம் இல்லை. மேலே இறங்கினால் துறைமுகம் முழுக்கத் தெரியும், 77 மீட்டர் கலங்கரை விளக்கமும் சேர்த்து. கீழே இறங்கி நடந்தால் பலாத்சோ சான் ஜோர்ஜோ என்ற பழைய மாளிகை. இப்போது துறைமுக ஆணைய அலுவலகம். 1298இல் ஜெனோவாச் சிறையிலிருந்த மார்கோ போலோவை அங்கேதான் வைத்திருந்ததாகச் சொல்வார்கள். நம் காயல் துறைமுகத்துக் குதிரை வியாபாரத்தை அவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதவைத்தது ஜெனோவாச் சிறையில்தான்.

வாடகை சாதாரண நாளில் ஒற்றை அறைக்கு 60, 70 யூரோ. செப்டம்பரில் படகுக் கண்காட்சி நடக்கிற வாரம் இரட்டிப்பாகும், அப்போதும் கிடைக்காது. ஒருமுறை அந்த வாரத்தில் பதிவு செய்துவிட்டு வந்த என்னை இடமில்லை என்று வேறொரு ஓட்டலுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு தளத்தில் பதிவு செய்வதில்லை, நேரே மின்னஞ்சல் போட்டு அறை எண்ணோடு உறுதி வாங்கிக்கொள்கிறேன். கம்பெனிக்குப் பில் வேண்டுமென்றால் கம்பெனியின் வரி எண்ணையும் அந்த மின்னஞ்சலிலேயே கொடுத்துவிடுங்கள். கிளம்புகிற காலையில் கேட்டால் வராது, பிறகு அனுப்புகிறேன் என்பார்கள், மாதக்கணக்கில் துரத்த வேண்டியிருக்கும்.

வயதானவர்களையோ கைக்குழந்தையையோ அழைத்து வருகிறவர்கள் இந்த மாதிரி இடங்களைத் தவிர்ப்பது நல்லது. தனியாக, ஒரே பெட்டியோடு, காலையில் சார்தீனியா தீவுக்கோ கோர்சிகா தீவுக்கோ படகு பிடிக்க வருகிறவருக்கு இதைவிட வசதி தேவையில்லை. ஆகஸ்ட் நடுவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. 15ஆம் தேதியை ஒட்டி நாடே விடுமுறைக்குப் போய்விடும். அந்த வாரம் லிஃப்ட் பழுதானால் பார்க்க ஆள் கிடையாது, கருவிப்பெட்டியைத் தோளில் வைத்து நான்கு மாடி ஏறியிருக்கிறேன். பதிவு செய்யும்போதே லிஃப்ட் ஓடுகிறதா என்று கேட்டுவிடுங்கள்.